ஆற்றுத் திருப்பத்தில் நான் கட்டிய கோட்டை

விளையாட்டில் ஒன்பதாம் நிலையைத் தொடும் வரைக்கும் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

கோயமுத்தூரில் என்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஆர்.எஸ்.புரத்துக்காரன் ஒருத்தனுக்கு அமெரிக்காவிலிருந்து தாய்மாமன் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதற்குள் சில புத்தகங்களும், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் இருந்தன. பலகை கிடையாது. ஒருத்தன் கதை சொல்லி நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து, இப்போது என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்தியது ஆர்.எஸ்.புரத்துக்காரன்தான். அவனை மாஸ்டர் என்று கூப்பிட்டோம். விளையாடியவர்களில் இரண்டு பேர் ஹாஸ்டல்காரர்கள். ஹாஸ்டல் வழக்கப்படி ஊர்ப்பெயரே அவர்களுக்குப் பெயரானது: அவிநாசி, சென்னிமலை. நான் சிங்காநல்லூரில் லைன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன்.

ஒரு வருஷத்துக்கு மேல் குகை குகையாகப் போய் பூதங்களோடு சண்டை போட்டோம். எங்கள் ஆட்கள் ஒன்பதாம் நிலைக்கு வந்ததும் மாஸ்டர் வேறொரு புத்தகத்தைத் திறந்தான்.

"இனிமே குகை இல்லடா. ராஜாகிட்டப் போயி நெலம் கேக்கலாம். காட்டத் திருத்தி, கோட்டை கட்டி, சனங்களக் குடி வெச்சு ஆளணும். மாசாமாசம் ஆட்சி எப்படி நடக்குதுன்னு பாப்போம். சனங்க மனசு கோணுச்சுன்னா என்ன ஆகும்னும் இதுல போட்டிருக்கு."

சார்ட் பேப்பரில் தேன்கூடு மாதிரிக் கட்டம் போட்டு ஒரு தேசத்தையே வரைந்து வைத்திருந்தான். அவிநாசி சமவெளியை எடுத்துக்கொண்டான். அவனுடைய ஆள் பெரிய போர்வீரன். சென்னிமலையின் ஆள் மந்திரவாதி. ஊர்ப்பெயருக்குத் தகுந்த மாதிரி ஒரு மலையைக் கொடுத்தோம். உச்சியில் கோபுரம் கட்டிக்கொண்டான். சமவெளிக்கு மேற்கே ஆறு வளைந்து திரும்பும் இடம் எனக்கு. மூன்று பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மட்டும் தரை.

முதல் சில வாரம் மாஸ்டர் வீட்டு மாடியில்தான் விளையாடினோம். அவன் தங்கைக்குப் பப்ளிக் பரீட்சை நெருங்கியதால், மாடியில் சத்தமே கூடாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டார்.

"எங்க தோட்டத்து ஊட்டுக்கு வாங்கடா. ஞாயித்துக்கெழம பூரா அங்கயே கெடக்கலாம்" என்றான் அவிநாசி.

மற்ற இரண்டு பேரும் உடனே சரி என்றார்கள். நான் மட்டும் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவனுடைய தோட்டத்துக்குப் பக்கத்து ஊர்தான் என் அப்பாவின் ஊர். தாத்தா அங்கே அடுத்தவர் காட்டில் பண்ணையாளாக இருந்தவர். அப்பா கல்யாணம் ஆன கையோடு கிளம்பி வந்து பீளமேட்டுப் பக்கம் ஒரு பவுண்டரியில் சேர்ந்தார். அதற்கப்புறம் சாவுக்குத் தவிர ஊர்ப்பக்கம் போனதில்லை. தோட்டத்துக்குப் போகிற விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"போறதுன்னாப் போ. கேட்டாப் பொய் சொல்லாத. கேக்காம நீயா எதும் சொல்லவும் வேண்டாம்."

ஞாயிறு காலை சர்ச் முடிந்ததும் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். தோட்டத்து வீடு பெரியது. நடுக்கூடத்தில் தேக்கு மேசை, தலைக்கு மேல் இரண்டு ஃபேன். மேசை நிறைய வரைபடத்தை விரித்துக்கொண்டோம். குடிமக்களுக்குப் புளியங்கொட்டை, படைக்குத் துவரை. அவன் அம்மா மோரும் வறுத்த கடலையும் அனுப்பிக்கொண்டே இருந்தார். அவன் அப்பா வெள்ளைச் சட்டையோடு அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் நின்று, "வாங்க தம்பி, சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. ஒவ்வொரு தடவையும் எந்த ஊர் என்ற அடுத்த கேள்விக்காகக் காத்திருப்பேன். கேட்காமல் போய்விடுவார்.

முதல் உரசல் ஒரு சொல்லில்தான் வந்தது. லார்டு என்பதற்குத் தமிழில் என்ன வைப்பது? குறுநில மன்னன் என்றான் சென்னிமலை.

"அத்தன நீளமா எதுக்கு? பண்ணாடின்னு வெச்சுக்கலாம்" என்றான் அவிநாசி.

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, தேங்காய் எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் அவன் அப்பாவை அதே சொல்லால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் தாத்தா ஆயுசு முழுக்க நில முதலாளியைக் கூப்பிட்ட சொல் அது.

"உன்ற ஆளும் இப்பப் பண்ணாடிதான்டா" என்று என் தோளில் தட்டினான்.

"எனக்கு அந்தப் பேரு வேண்டாம்."

"ஏண்டா?"

"நல்லால்ல."

அவன் விட்டுவிட்டான். அவன் மனதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆட்சி தொடங்கியது. அவிநாசி தன் கோட்டையை மினி டிராஃப்டர் வைத்து வரைந்துகொண்டு வந்தான். நாலு மூலைக்கும் கோபுரம், இரட்டை வாசல், அகழி, அகழிக்கு மேல் தூக்குப்பாலம். காலேஜில் டிராயிங் சார் பார்த்திருந்தால் அசந்துபோயிருப்பார். அதைக் கட்டி முடிக்க மாதாமாதம் குடிகளின் வரியை ஏற்றினான். வாரத்தில் பாதி நாள் கோட்டைக்குக் கல் சுமக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். என்னிடம் இருந்தது மண்சுவரும் மரவேலியும்தான். கல்சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. ஆனால் முதல் மாதமே மாஸ்டரிடம் ஒன்று சொன்னேன்: "காட்ட வெட்டித் திருத்தறவனுக்கே அந்த நெலம் சொந்தம். வெளைச்சல்ல ஒரு பங்கு கோட்டைக்கு. அதோட செரி."

மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டினான். அதில் அப்படி எதுவும் இல்லை. "சரி, பாப்போம்" என்றான்.

மூன்றாம் மாத ஆட்சி முடிந்ததும் பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, சமவெளியில் இருந்த புளியங்கொட்டைகளில் ஒரு பிடி எடுத்தான்.

"உன்ற சனங்க மனசு கோணிருச்சு. மூட்டை முடிச்சோட ஆத்தோரமாக் கெளம்பிட்டாங்க."

"எங்க?"

மாஸ்டர் அந்தக் கொட்டைகளை ஆற்றுத் திருப்பத்தில் என் முன்னால் வைத்தான். அடுத்த மாதமும் ஒரு பிடி வந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் அதிகம். அவிநாசியின் கோபுரங்களில் மூன்றாவது பாதியில் நின்றுபோனது.

"டேய், அது என்ற ஆளுங்க. திருப்பி அனுப்பு" என்றான்.

"அவங்களாத்தான வந்தாங்க."

"என்ன குடுத்து இழுத்த?"

"நெலம்."

"அப்ப நாளைக்கு என்ற நெலத்துக்கு ஆளுக்கு எங்க போவேன்?"

"வரியக் கொறை. கல்லு சொமக்கறத நிறுத்து."

"நீ எனக்குச் சொல்லித் தரியா?"

குரல் உயர்ந்துவிட்டது. சென்னிமலை நடுவில் புகுந்து, "டேய், புளியங்கொட்டைக்கா இந்தச் சண்டை?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளங்கை வேர்த்திருந்தது. அவிநாசியும் வேட்டி மடிப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே போர் அறிவித்தான்.

அடுத்த ஞாயிறு அவன் அப்பா எங்கள் சத்தம் கேட்டுக் கதவோரம் வந்து நின்றார். சற்று நேரம் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இது மேடா, பள்ளமா? தண்ணி எந்தப் பக்கமா ஓடுது?"

மாஸ்டர் விளக்கினான். எங்களுக்கு ஒரு வருஷம் பிடித்த விஷயம் அவருக்குக் கால் மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. மகனைப் பார்த்து, "செவுத்த எதுக்கு முட்டற? வெள்ளாம அறுக்கறதுக்கு மின்னால போயிச் சுத்தி உக்காந்துக்க. வெளிய நிக்கற நெல்லு உனக்கு. உள்ள இருக்கறவன் எத்தன நாளைக்குத் தாங்குவான்?" என்றார். சரியான யோசனை. இருந்தும் நான் விடவில்லை. பச்சையாகவே அறுத்து உள்ளே கொண்டுவரச் சொல்லி உத்தரவு கொடுத்தேன். பகடை எனக்குச் சாதகமாக விழுந்தது.

அவர் சத்தமாகச் சிரித்தார். "தம்பி நல்லா வெளையாடறீங்க. நீங்க எந்த ஊருங்க?"

"சிங்காநல்லூருங்க."

"பூர்வீகமே அதுதானுங்களா?"

அப்பாவின் ஊரைச் சொன்னேன்.

"அட, நம்ம பக்கத்து ஊரு! அங்க யாரு ஊடுங்க?"

அவிநாசி பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரியுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாஸ்டரும் சென்னிமலையும் எதுவும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சர்ச் வீதிங்க" என்றேன்.

அந்த ஊரில் சர்ச் வீதிக்காரர் என்றால் யார் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. "அப்படீங்களா" என்றார். அந்த 'ங்க' கூடக் குறையவில்லை. "வெளையாடுங்க தம்பி, வெளையாடுங்க." எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மகனைக் கூப்பிட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஃபேன் காற்றில் வரைபடத்தின் ஒரு முனை தூக்கித் தூக்கி அடித்தது. அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவிநாசி திரும்பி வந்தபோது காதுமடல் சிவந்திருந்தது.

"இன்னிக்குப் போதும்டா. தலை வலிக்குது."

சனிக்கிழமை காலேஜில் அவிநாசி எங்களிடம் வந்து, "நாளைக்கு மோட்டார் ரூம்ல வெச்சுக்கலாம். அங்கதான் காத்தோட்டமா இருக்கும்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மோட்டார் ரூம்ல எங்கடா காத்து?" என்றான் சென்னிமலை. மாஸ்டர் அவன் காலை மிதித்தான்.

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். காந்திபுரத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன். ஆனால் நான் போகாவிட்டால் கோட்டை தானாக விழுந்துவிடும், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் அவன் கைக்குப் போய்விடுவார்கள். புளியங்கொட்டைகளுக்காகப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கோபமும் இருந்தது. அந்த மோட்டார் ரூமைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

கிணற்றோரம் ஓடு வேய்ந்த சின்ன அறை. கிரீஸ் வாசம். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி. உர மூட்டைகளை அடுக்கி அதன்மேல் வரைபடத்தை விரித்திருந்தான். வீட்டிலிருந்து மோர் வரவில்லை. அவனே மரத்தில் பறித்த கொய்யாப் பழங்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு என் பக்கமாக வைத்திருந்தான். நான் தொடவில்லை.

முற்றுகை தொடங்கியது. அவிநாசி தன் அப்பா சொன்னபடியே செய்தான். தரைப் பக்கம் முழுக்கத் துவரைகளை அடுக்கினான். கல் வீசும் பொறிகளை இழுத்துவந்து நிறுத்தினான். என் நெல் குறைந்துகொண்டே வந்தது. ஆளுக்குப் பாதிக் கஞ்சி என்றேன், அப்புறம் கால் கஞ்சி. சுவரில் முதல் விரிசல் விழுந்த நேரம் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது. மோட்டார் தானாகவே உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் கத்திக் கத்தி விளையாடினோம்.

"சரணடைஞ்சுரு!" என்று கத்தினான்.

"என்ன நிபந்தனை?"

"சனங்கள எல்லாம் திருப்பி அனுப்பு!"

"அப்பறம்?"

"நீ கோட்டைக்கு வெளிய வந்து..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மோட்டார் நின்றது.

"...என்ற கால்ல உளுந்து கும்பிட்டாப் போதும்!"

அந்தச் சின்ன அறைக்குள் அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. வெளியே வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் பென்சிலைக் கீழே வைத்தான். அவிநாசியின் முகம் வெளுத்துவிட்டது.

"வெளையாட்டுலடா" என்றான் மெதுவாக.

"தெரியும். என்ற ஆளு உளுகமாட்டான்."

நான் மாஸ்டரிடம் திரும்பினேன். "ஆத்துப் பக்கம் சின்ன வாசல் ஒண்ணு வெச்சிருக்கேன். படகுக இருக்கு." பிறகு சென்னிமலையிடம் கேட்டேன். "உன்ற மலையடிவாரத்துல எடம் குடுப்பியா?"

"வரச் சொல்லுடா எல்லாத்தையும்" என்றான் அவன்.

படகு படகாக அனுப்பினேன். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தடவை பகடை. குறைவாக விழுந்தால் காவல்காரர்கள் கண்டுகொள்வார்கள். முதல் படகு தப்பியது. இரண்டாவதும் தப்பியது. மூன்றாவதை அம்பு துளைத்தது. மாஸ்டர் சில கொட்டைகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மேலே சுவரில் ஆள் இருப்பது போலக் காட்ட வேண்டும் என்பதற்காக என் தலைவனும் சில பேரும் மட்டும் தங்கிவிட்டார்கள். கடைசிப் படகு மலைப்பக்கம் ஒதுங்கியபோது சுவர் இடிந்தது. இருபது முகப் பகடையை நான்தான் உருட்டினேன். போதவில்லை. இத்தனை நாள் ஓட்டிய என் ஆள் அந்த இடிபாட்டிலேயே செத்தான்.

அவிநாசி உள்ளே நுழைந்தான். "எத்தன பேரு இருக்காங்க?"

"யாருமில்ல."

"நெல்லு?"

"கொளுத்தியாச்சு."

அவன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றுத் திருப்பத்துக் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டைகூட இல்லை. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

மெயின் ரோட்டுக்கு ஒன்றரை மைல். பாதி வழியில் அவிநாசியின் மொபெட் சத்தம் பின்னால் வந்தது.

"ஏறுடா, பஸ் ஸ்டாப்புல உட்டர்றேன்."

"நடந்துக்கறேன்."

இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே என்னோடு நடந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. மெயின் ரோடு வந்ததும், "அப்பங்கிட்டச் சண்டை போட்டேன்டா" என்றான்.

"போட்டு?"

"உன்னையத் தோட்டத்துக்கே கூட்டிட்டு வரக் கூடாதுன்னாரு. மோட்டார் ரூம் வரைக்கும்னு ஒத்துக்க வெச்சேன்."

நான் நின்றேன். அவனும் நின்றான். அவன் பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அந்த மோட்டார் ரூமே அவன் எனக்காகச் சண்டை போட்டு வாங்கியது என்பது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் விளையாட்டு நின்றுபோனது. லேபில் அடுத்தடுத்த டேபிளில் நிற்போம். ரீடிங் எடுப்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. தங்கையின் பரீட்சை முடிந்ததும் மாஸ்டர் மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு மாடிக்கு வரச் சொன்னான். அவிநாசி வரமாட்டான் என்று நினைத்துப் போனேன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான்.

என் தலைவன் செத்துவிட்டதால் புதிதாக ஒருத்தியை எடுத்துக்கொண்டேன். மலையடிவாரத்துக்குத் தப்பிப் போனவர்களுக்குத் தலைவி, படகோட்டி. அவிநாசிக்கு இப்போது சமவெளியும் சொந்தம், ஆற்றுத் திருப்பமும் சொந்தம். இரண்டிலும் உழுவதற்கு ஆள் இல்லை. "காடெல்லாம் முள்ளு மொளைச்சுப் போச்சு. கோட்டைக் காவலுக்கு நின்னவனும் கெளம்பிட்டான்" என்று மாஸ்டர் மாதாமாதம் சொல்லிக்கொண்டே வந்தான். அவிநாசி தாடையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"அவங்க திரும்பி வரணும்னா என்ன வேணும்?"

முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டான்.

"திருத்தற நெலம் அவங்களுக்கே சொந்தம்."

மத்தியானம் வரை அதற்கே போனது. பாதி நிலம் என்றான். முடியாது என்றேன். எழுந்து மாடியின் அந்தக் கோடிக்குப் போய் நின்றான். திரும்பி வந்து, சரி என்றான்.

"கல்லு சொமக்கற வேலை இனி கெடையாது."

அதற்கும் சரி என்றான்.

"அவங்களக் கூப்பட நீ ஆள் அனுப்பக் கூடாது. நீயே மலையடிவாரத்துக்கு வரணும். நடந்து."

"குதிரையில வந்தா என்னடா?"

"நடந்துதான்."

சென்னிமலை உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கோபுரத்தைப் பார்த்தான். அவிநாசி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "செருப்பாவது போட்டுக்கலாமா?" என்றான்.

கேட்ட அந்த நொடியே அவன் முகம் மாறியது. என் தாத்தா பண்ணாடிகளின் வீதியைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார். அதற்கு நான் அவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அவன் எங்கே வளர்ந்தவன் என்று எனக்குத் தெரியும்.

"தாராளமாப் போட்டுக்க. அங்க யாரும் கழட்டச் சொல்லமாட்டாங்க" என்றேன்.

அவன் குனிந்து தன் போர்வீரனுக்கான காயை எடுத்தான். கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"நடக்கறான்" என்று மாஸ்டரிடம் சொன்னான். ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினான்.

பாதிப் பேர் அவனோடு திரும்பிப் போனார்கள். மீதிப் பேர் மலையடிவாரத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களையும் அனுப்பு என்று அவன் கேட்கவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. கடைசி வருஷப் பரீட்சை வரைக்கும் ஆர்.எஸ்.புரத்து மாடியில்தான் விளையாடினோம். தோட்டத்துக்கு வா என்று அவன் அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.